சர்வதேசக் கட்டுமானக் கம்பெனிகளின் போட்டித் திறனை அளப்பது எங்ஙனம்?

கேரளத்தின் தென் கோடியில் நெய்யாற்றின்கரைத் தாலுகா அமைந்திருக்கிறது. அத்தாலுகாவின் தெற்கு எல்லையில் பாறசாலை, காரோடு முதலிய ஊர்கள் உள்ளன. அவற்றைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலப்படத்தில் கோடு விழுந்ததே அன்றி, இருபுறத்து மக்களின் கொள்வினை கொடுப்பினையும், பேச்சும், தொழிலும் அக்கோட்டினால் அற்றுவிடவில்லை. கேரளத்துப் பக்கத்துச் சிற்றூர்களில் தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அக்குடும்பங்களிலிருந்தும், எல்லைக்கு இப்பால் உள்ள விளவங்கோட்டு ஊர்களிலிருந்தும், கொத்தனாராகவும் தச்சராகவும் கம்பி கட்டுபவராகவும் மேற்பார்வையாளராகவும் எஞ்சினீயராகவும் மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றவர் பலர். இப்பேச்சைக் கேட்கும் நேயர்களில் அத்தகையோர் இருத்தல் கூடும்.

வேலை தேடி நாம் கம்பெனிகளை நாடிச் சென்ற காலம் ஒன்று. பெரிய கம்பெனிகள் நம் ஊர்களை நாடி வந்த காலம் மற்றொன்று. கடந்த பத்தாண்டுகளில் இந்த எல்லைப் பகுதியில் இரண்டு பெரும் பணிகள் நடந்தேறின. திருவனந்தபுரம் நகரைச் சுற்றி முக்கோலை வழியாகக் காரோடு வரை வந்து சேரும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழி ஒன்று. அதே தாலுகாவின் கடற்கரையில் எழுந்துள்ள விழிஞம் சர்வதேசத் துறைமுகம் மற்றொன்று. பாண்டியர், சோழர் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் பெயர் பெற்ற பழந்துறை விழிஞம். அங்கே இன்று உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன.

இத்தகைய பெரும் பணியை எந்தக் கம்பெனியிடம் ஒப்படைப்பது? இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனியை விடத் திறமை வாய்ந்தது என்று எதைக் கொண்டு சொல்வது? புள்ளி விவரங்கள் இதற்கு விடை தருமா? தருமாயின் எவ்வளவு தூரம் அவ்விடையை நம்பலாம்? இவையே இன்று நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவு செய்து கொள்வோம். போட்டித் திறன் என்பது பெருமையன்று. கம்பெனியின் பருமனும் அன்று. பிற கம்பெனிகளும் நாடி நிற்கும் ஒரு வேலையை, அவற்றினும் நல்ல முறையில் அல்லது குறைந்த செலவில் ஏற்று, சொன்ன காலத்தில் முடித்து, நட்டமும் அடையாமல், மீண்டும் அடுத்த வேலைக்குத் தகுதியோடு வந்து நிற்கும் ஆற்றலே போட்டித் திறன். அது கண்ணால் காணத்தக்க பொருளன்று. காய்ச்சலை வெப்பமானியின் பாதரசத்தைக் கொண்டு அறிவதுபோல, வேறு சில எண்களைக் கொண்டு அதனை ஊகித்தே அறிய வேண்டும்.

இவ்வகை எண்களில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது ஒரு பட்டியல். அமெரிக்காவில் வெளிவரும் எஞ்சினீரிங் நியூஸ் ரெக்கார்டு என்னும் பத்திரிகை, ஆண்டுதோறும் சர்வதேச ஒப்பந்தக்காரர்களின் வரிசையை வெளியிடுகிறது. முன்பு 225 கம்பெனிகளைக் கொண்டிருந்த இவ்வரிசை 2013ஆம் ஆண்டு முதல் 250 ஆக விரிந்தது. ஒரு கம்பெனி தன் தாய்நாட்டுக்கு வெளியே ஓராண்டில் கட்டுமானப் பணியால் பெற்ற வருமானம் எத்தனை டாலர் என்பதே இவ்வரிசைக்கு அடிப்படை. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கட்டுமானத் துறையின் போட்டித் திறனைப் பற்றி எழுதும்போது இப்பட்டியலையே மூலப் பொருளாகக் கொள்கின்றனர்.

2023ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள 250 கம்பெனிகளும் 2022ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் பெற்ற மொத்த வருமானம் ஏறத்தாழ 42,850 கோடி டாலர். அவற்றுள் 81 கம்பெனிகள் சீன நாட்டைச் சேர்ந்தவை. அவை பெற்றது ஏறத்தாழ 11,790 கோடி டாலர். இவ்விரண்டு வரிகளிலிருந்தே எத்தனை செய்திகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். கம்பெனிகளின் எண்ணிக்கையால் பார்த்தால் சீனாவின் பங்கு நூற்றுக்கு 32க்குச் சற்று மேல். வருமானத்தால் பார்த்தால் நூற்றுக்கு இருபத்தேழரைதான். சீனக் கம்பெனி ஒன்றின் சராசரி வெளிநாட்டு வருமானம் 146 கோடி டாலர் அளவினது. மற்ற 169 கம்பெனிகளின் சராசரியோ 184 கோடி டாலர் அளவினது. அதாவது, எண்ணிக்கையில் முந்தி நிற்கும் நாடு, சராசரியில் பின்தங்கி நிற்கிறது. ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சீனாவே முதன்மை என்றும், மற்றொருவர் அன்று என்றும் வாதிடலாம். இருவர் கூற்றும் கணக்குக்கு ஒத்ததே.

வருமானம் என்னும் இந்த அளவுகோலிலேயே சில கோணல்கள் உள்ளன. முதலாவது, நாணய மாற்று. ஓர் இந்தியக் கம்பெனி ரூபாய்க் கணக்கில் 8,300 கோடிக்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் 70 ரூபாயாக இருந்த காலத்தில் அது 118 கோடி டாலருக்கு மேல். டாலர் 83 ரூபாயாக உயர்ந்த காலத்தில் அதே வேலை 100 கோடி டாலர்தான். ஒரு செங்கல்லும் குறையவில்லை. எனினும் வரிசையில் சில படிகள் இறங்கிவிடும்.

இரண்டாவது, உடைமை மாற்றம். ஸ்பெயின் நாட்டு ஏ.சி.எஸ். என்னும் கம்பெனி, ஜெர்மனியின் புகழ்பெற்ற ஹோக்டீஃப் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கை 2011ஆம் ஆண்டு பெற்றது. ஹோக்டீஃபின் கையில் ஆஸ்திரேலியாவின் பெருங்கம்பெனி ஒன்றும் இருந்தது. அதன் பின்னர் ஏ.சி.எஸ். பல ஆண்டுகள் சர்வதேச வரிசையின் முதலிடத்தில் வீற்றிருந்தது. ஜெர்மானியரும் ஆஸ்திரேலியரும் செய்த வேலை ஸ்பெயினின் பெயரில் எழுதப்பட்டது. இது வாங்கும் திறனைக் காட்டுகிறது. கட்டும் திறனை அதே அளவில் காட்டுகிறதென்று கொள்வதற்கில்லை.

மூன்றாவது, தாய்நாட்டுச் சந்தை. உள்நாடு, வெளிநாடு இரண்டையும் சேர்த்துக் கூட்டும் மற்றொரு பட்டியலையும் அதே பத்திரிகை வெளியிடுகிறது. அதில் பல ஆண்டுகளாக முதலிடம் பெற்று வருவது சீனாவின் அரசுக் கட்டுமான நிறுவனம். தன் நாட்டிலேயே மலைபோல் வேலை குவிந்து கிடப்பதால் அதன் மொத்த வருமானத்தில் வெளிநாட்டுப் பங்கு சிறியது. ஆகவே ஒரு பட்டியலில் முதல்வனாக இருப்பவன் மறுபட்டியலில் முதல்வனாக இருப்பதில்லை. நம் நாட்டு லார்சன் அண்டு டூப்ரோவையும் இவ்விதமே நோக்க வேண்டும். 1938இல் டென்மார்க்கிலிருந்து வந்த இரண்டு எஞ்சினீயர்கள் மும்பையில் தொடங்கிய கம்பெனி அது. அதன் கட்டுமானப் பிரிவு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. உள்நாட்டில் அதற்குள்ள உயரத்தை வெளிநாட்டு வருமானம் ஒன்றால் மட்டும் அளக்கலாகாது. முக்கோலையிலிருந்து காரோடு வரையுள்ள புறவழிச் சாலையைக் கான்கிரீட்டால் அமைத்ததும் அக்கம்பெனியே.

நான்காவது குறை யாதெனில், இப்பட்டியலுக்குரிய எண்களைக் கம்பெனிகளே எழுதி அனுப்புகின்றன என்பது. எழுதி அனுப்பாத கம்பெனி, எவ்வளவு பெரிதாயினும், பட்டியலில் இடம் பெறாது.

இக்குறைகளை உணர்ந்த அறிஞர்கள் வேறு பல அளவைகளைத் துணைக்குக் கொண்டனர். ஒரு கம்பெனியின் வருமானத்தில் வெளிநாட்டுப் பங்கு எவ்வளவு என்னும் விகிதம் ஒன்று. அவ்வருமானம் எத்தனை நாடுகளில் பரவியிருக்கிறது என்னும் கணக்கு இன்னொன்று. பரவலை அளக்க ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு நாட்டின் பங்கையும் அதனாலேயே பெருக்கி, வந்தவற்றைக் கூட்ட வேண்டும். நான்கு நாடுகளில் சரி சமமாக வேலை செய்யும் கம்பெனிக்குக் கூட்டுத்தொகை 0.25. ஒரே நாட்டில் நூற்றுக்கு 85 பங்கும், மற்ற மூன்று நாடுகளில் ஐந்தைந்து பங்கும் வைத்திருக்கும் கம்பெனிக்குக் கூட்டுத்தொகை 0.73. இரண்டும் நான்கு நாடுகளில் உள்ளன என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் எண்ணெய் விலை வீழ்ந்து அந்த ஒரு நாட்டில் வேலை நின்றுபோனால் இரண்டாவது கம்பெனி தள்ளாடிவிடும். வளைகுடா நாடுகளில் வேலை செய்து, திடீரென்று ஊர் திரும்ப நேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாடுகளை ஒப்பிடுவதற்கு ஹங்கேரியில் பிறந்த பொருளாதார அறிஞர் பெலா பலாசா 1965இல் ஒரு விகிதத்தை வகுத்தார். உலகச் சேவை ஏற்றுமதியில் கட்டுமானம் நூற்றுக்கு இரண்டு என்றும், ஒரு நாட்டின் சேவை ஏற்றுமதியில் அது நூற்றுக்குப் பத்து என்றும் கொள்வோம். பத்தை இரண்டால் வகுக்க ஐந்து வரும். ஒன்றுக்கு மேற்பட்டால் அந்நாட்டுக்கு அத்தொழிலில் சிறப்பு உண்டு. ஒன்றுக்குக் கீழானால் இல்லை. இது நாட்டின் தொழில் அமைப்பைக் காட்டும் கருவி. குறிப்பிட்ட ஒரு கம்பெனி நம் ஊர்ச் சாலையை நன்கு போடுமா என்று கேட்டால் இதற்கு வாய் இல்லை.

இப்படி அளவைகள் பெருகியதும் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் சிக்கல் எழுகிறது. ஒன்று டாலரில் இருக்கிறது, மற்றொன்று சதவிகிதத்தில், இன்னொன்று நாடுகளின் எண்ணிக்கையில். முதலில் யாவற்றையும் ஒரே தன்மையான மதிப்பெண்ணாக மாற்ற வேண்டும். பின்னர் எதற்கு எவ்வளவு எடை தருவது என்று தீர்மானிக்க வேண்டும். இந்த எடை விஷயத்தில்தான் பெரும் மாயம் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக இரண்டு கம்பெனிகளைக் கற்பனை செய்து கொள்வோம். முதற் கம்பெனிக்கு வருமானத்தில் 90 மதிப்பெண், இலாபத்தில் 40, காலந்தவறாமையில் 50. இரண்டாவது கம்பெனிக்கு முறையே 60, 70, 70. மூன்றுக்கும் சம எடை தந்தால் முதற் கம்பெனியின் சராசரி 60. இரண்டாவதன் சராசரி 66க்கு மேல். இரண்டாவதே சிறந்தது. வருமானத்துக்கு நூற்றுக்கு 60 எடையும், மற்ற இரண்டுக்கும் இருபது இருபதும் தந்தால், முதலாவது 72 பெறும். இரண்டாவது 64 பெறும். இப்போது முதலாவதே சிறந்தது! கம்பெனிகள் மாறவில்லை, அவற்றின் எண்களும் மாறவில்லை. எடை போட்டவர் கை மாறியது, வரிசையும் மாறிற்று. ஆகவே எந்தத் தர வரிசையைக் கண்டாலும், எடையை வகுத்தவர் யார், எதன் பொருட்டு வகுத்தார் என்று கேட்பது அறிவுடைமையாகும்.

எடையை மனிதர் விருப்பத்துக்கு விடாமல் எண்களிலிருந்தே பெறும் முறைகளும் உண்டு. இவ்விடத்தில் நம் நாட்டுப் பேரறிஞர் ஒருவரை நினைவு கூர்வது பொருந்தும். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசந்த சந்திர மஹலனோபிஸ் 1936இல் ஓர் அளவையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மனிதரின் உடலளவுகளைக் கொண்டு இனக்குழுக்களை ஒப்பிடும் ஆராய்ச்சியில் அவர் ஈடுபட்டிருந்தார். உயரமானவனுக்குக் கால் நீளமாக இருப்பது இயல்பு. உயரத்தையும் கால் நீளத்தையும் இரண்டு தனிச் சான்றுகளாக எண்ணினால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியதாகும். அளவுகளுக்கு இடையே உள்ள உறவை நீக்கிவிட்டு வேறுபாட்டைக் காண்பதே அவர் கண்ட வழி. கட்டுமானக் கம்பெனிக்கும் இது பொருந்தும். வருமானம், ஆட்களின் எண்ணிக்கை, கிளை அலுவலகங்களின் எண்ணிக்கை மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி இறங்குபவை. மூன்றையும் தனித்தனியே கூட்டினால் பருமனுக்கு மும்மடங்கு எடை தந்தவராவோம். அதனைத் திறன் என்றும் மயங்குவோம்.

மற்றொரு முறை 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் மூவரால் வகுக்கப்பட்டது. அது, இட்ட பொருளையும் பெற்ற பயனையும் ஒப்பிடுவது. பத்துக் கிலோமீட்டர் சாலை போட ஒரு கம்பெனிக்கு 100 ஆளும் 10 இயந்திரமும் வேண்டும். மற்றொன்றுக்கு 200 ஆளும் 4 இயந்திரமும் வேண்டும். மூன்றாவதற்கு 220 ஆளும் 12 இயந்திரமும் வேண்டும். முதல் இரண்டில் எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. கூலி மலிந்த இடத்தில் இரண்டாவதும், இயந்திரம் மலிந்த இடத்தில் முதலாவதும் வெல்லும். மூன்றாவதோ எங்கும் தோற்கும். இரண்டினும் மிகுதியாகச் செலவிட்டு அதே பயனைத் தருவது அது. இம்முறையின் நன்மை யாதெனில், ஒவ்வொரு கம்பெனியையும் அதற்கு மிகச் சாதகமான எடையைக் கொண்டே நிறுத்துப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தும் தேறாததைத் தேறாதது என்று அச்சமின்றிச் சொல்லலாம்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு கூறியது போதும். இனி அவற்றை நம் எல்லைப் புறத்து நிகழ்ச்சியில் வைத்துச் சோதிப்போம்.

விழிஞத்தின் கடல், கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம் உடையது. உலகக் கப்பல் பாதை அங்கிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவிலேயே செல்கிறது. இத்தகைய இடம் இந்தியாவில் அரிது. எனினும் துறைமுகத்தைக் கட்டக் கம்பெனி கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. முதல் டெண்டரில் தேர்ந்த கூட்டில் சீனக் கம்பெனிகள் இருந்தன. நாட்டின் பாதுகாப்புக் கருதி மத்திய அரசு 2006இல் இசைவு மறுத்தது. 2008இல் தேர்ந்த வேறொரு கூட்டு, வழக்குகளில் சிக்கி விலகியது. அடுத்த முயற்சியும் 2012இல் பலிக்கவில்லை. தகுதி என்பது கம்பெனியின் கணக்கேட்டில் மட்டும் இல்லை, இரு நாடுகளின் உறவிலும் நீதிமன்றத்தின் நாட்காட்டியிலும் கூட அது தங்கியிருக்கிறது என்பதற்கு இவை சான்று.

பின்னர் வந்த டெண்டரில் ஐந்து கம்பெனிகள் அல்லது கூட்டுகள் முதற்கட்டத் தகுதி பெற்றன. தென் கொரியாவின் ஹுண்டாய் ஒரு கூட்டில் இருந்தது, ஸ்பெயினின் ஓ.எச்.எல். மற்றொரு கூட்டில் இருந்தது. அதானி, எஸ்ஸார், காமன் ஆகிய இந்தியக் கம்பெனிகளும் இருந்தன. சர்வதேசப் பட்டியலில் பெயர் விளங்கிய கம்பெனிகள் இவற்றில் உண்டு. காகிதத்தில் பார்த்தால் இது மெய்யான சர்வதேசப் போட்டி. ஆனால் டெண்டர்ப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டவை மூன்றே. 2015இல் விலை எழுதிப் போட்டது ஒன்றே, அது அதானி.

அரசிடம் யார் மிகக் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்கே பணி என்பது டெண்டரின் விதி. கேட்கப்பட்ட மானியம் 1,635 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகள் இதனை ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் பங்கில் நிறைவேற்றப்படும் பகுதியின் மதிப்பு 4,089 கோடி ரூபாய். விதிப்படி மானியத்தின் உச்ச வரம்பு அதில் நூற்றுக்கு 40. கணக்கிட்டுப் பாருங்கள், 4,089 கோடியில் நூற்றுக்கு 40 என்பது 1,635 கோடியே சொச்சம். கேட்கப்பட்ட தொகை உச்ச வரம்பைத் தொட்டு நிற்கிறது. ஒருவரே ஓடிய பந்தயத்தில் ஓடியவரின் வேகத்தை யார் அறிவார்? அவர் மெதுவாக ஓடினார் என்று நான் கூறவில்லை. ஒப்பிட்டு அறிய இன்னொருவர் இல்லை என்பதே சொல்லவந்தது.

இங்கேதான் ஒரு பேருண்மை வெளிப்படுகிறது. கம்பெனியின் போட்டித் திறன் வேறு. டெண்டரில் நிலவும் போட்டி வேறு. ஐந்து வல்லவர்கள் வாயிலில் நின்றாலும் நால்வர் உள்ளே வராவிட்டால் போட்டி இல்லை. அவர்கள் வராததற்குக் காரணம் திறனின்மை அன்று. அருகில் கொழும்புத் துறைமுகம் பல்லாண்டு அனுபவத்தோடு நிற்கிறது. வருமானம் எப்போது வரும் என்பது தெளிவில்லை. கடலினுள் நீண்ட அலைதடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து ஒதுங்குவதும் ஒரு வகைத் திறனே அன்றோ?

2015 ஆகஸ்டு 17ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டிசம்பரில் பணி தொடங்கியது. துறைமுகத்தை நடத்தும் உரிமை வழக்கமான 30 ஆண்டுக்கு மாறாக 40 ஆண்டுக்கு வழங்கப்பட்டதை இந்தியத் தணிக்கைத் தலைவர் 2017இல் அளித்த அறிக்கை கண்டித்தது. மிகுதியான பத்தாண்டினால் கம்பெனிக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிட்டும் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. அதன் பின் மாநில அரசு அமைத்த நீதிபதி விசாரணைக் குழு ஊழல் நடந்ததாகக் காணவில்லை. இரு தரப்பையும் அறிந்து கொள்வது குடிமக்கள் கடமை.

பணி எவ்வாறு நடந்தது? நான்காண்டில், 2019 டிசம்பரில் முதற் கட்டம் முடிந்திருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடலில் போட்ட வேலையைக் குலைத்தது. அதனினும் பெரிய இடையூறு கல். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்புச் சுவர், நம் கடற்கரை மக்கள் புலிமுட்டு என்று வழங்குவது, 20 மீட்டர் ஆழத்திலிருந்து எழும்ப வேண்டும். அதற்கு மலைமலையாகக் கல் வேண்டும். கேரளத்தில் போதிய கல்குவாரிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே கன்னியாகுமரி மாவட்டத்துக் குன்றுகளிலிருந்து கல் ஏற்றிய லாரிகள் களியக்காவிளையும் பாறசாலையும் வழியாக அணி வகுத்தன. அந்த நெருக்கடியும் புழுதியும் உடைந்த சாலைகளும் இருபுறத்து மக்களுக்கும் தெரியும். மலைவளம் போகிறதென்று தமிழ்நாட்டுப் பக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. லாரிகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கரை அரிக்கப்படுகிறது, வீடும் தொழிலும் போகின்றன என்று 2022இல் மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினர். 2024 மார்ச்சு மாதத்தில் விழிஞத்தருகே லாரியிலிருந்து விழுந்த கல்லொன்று ஓர் இளைஞரின் உயிரைக் குடித்தது.

சீனாவின் ஷாங்காய்க் கம்பெனி செய்த பாரந்தூக்கிகளை ஏற்றிய முதற்கப்பல் 2023 அக்டோபரில் வந்தது. 2024 டிசம்பர் 3ஆம் தேதி வணிகப் பணி தொடங்கிற்று. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். குறித்த காலத்துக்கு ஏறத்தாழ ஐந்தாண்டு பிந்திற்று. எனினும் பணி தொடங்கிய பின் ஓராண்டு நிறைவதற்குள் பத்து லட்சம் பெட்டகங்களுக்குரிய சரக்கை அத்துறை கையாண்டது. முன்னதைக் கண்டு குறை கூறுவோரும் பின்னதைக் கண்டு புகழ்வோரும் ஒரே துறைமுகத்தைப் பற்றியே பேசுகின்றனர். எந்த ஆண்டின் எண்ணை எடுத்தோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

சாலையின் கதையும் இதனை உறுதிப்படுத்துகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரை வந்த கான்கிரீட்டுச் சாலை கேரளத்து முதல் கான்கிரீட்டுத் தேசிய நெடுஞ்சாலை என்ற பெயர் பெற்றது. எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரியை நோக்கிச் செல்லும் அதன் தொடர்ச்சி, பள்ளங்களை நிரப்ப மண் கிடைக்காமல் பல ஆண்டு தேங்கியது. சாலை ஒன்றே; நிலமும் மழையும் ஏறக்குறைய ஒன்றே. மண் எடுக்கும் அனுமதி வேறு, அலுவலகம் வேறு. கல்லும் மண்ணும் எவ்வளவு எளிதில் கிடைக்கும் என்னும் கட்டம் எந்தச் சர்வதேசப் பட்டியலிலும் இல்லை. வேலை முடிவதும் முடியாததும் அதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இவ்வளவையும் கேட்டபின், புள்ளி விவரத்தால் பயனே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. மானியம் உச்ச வரம்பைத் தொட்டது என்று நமக்கு உணர்த்தியது எண்ணே. சீனாவின் எண்ணிக்கைக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டியதும் எண்ணே. எண்களை ஒழித்துவிட்டால் எஞ்சுவது விளம்பரமும் சிபாரிசுமே. குறை எண்களிடம் இல்லை. ஓர் எண்ணைக் கொண்டு பல கேள்விகளுக்கு விடை காண முயல்வதே குறை.

ஆகவே எந்தக் கம்பெனியின் தர வரிசையைப் பார்த்தாலும் நேயர்கள் ஐந்து வினாக்களைக் கேட்டுப் பழக வேண்டும். இது யாருடைய வருமானம். சொந்த உழைப்பால் வந்ததா, வாங்கிய கம்பெனியால் வந்ததா? எந்த நாணயத்தில், எந்த ஆண்டின் கணக்கு? எத்தனை நாடுகளில் பரவியது? எடைகளை வகுத்தவர் யார்? கணக்கில் விடுபட்டவை எவை? ஐந்தாவது வினாவே எல்லாவற்றினும் பெரியது. காலதாமதம், விபத்து, கூலி பாக்கி, உடைபட்ட மலை, அரிக்கப்பட்ட கரை, இவை கம்பெனியின் ஏட்டில் செலவாக ஏறாதபோது, அதன் செலவு குறைவாகவும் திறன் உயர்வாகவும் தோன்றும். அச்செலவைத் தாங்குவோர் எல்லைப் புறத்துக் குடும்பங்களும், கரைவாழ் மீனவரும், சாரத்தின் மீது நிற்கும் தொழிலாளரும் ஆவர்.

வெளி மாநிலங்களில் கட்டுமான வேலை செய்யும் தமிழ் நேயர்களுக்கு இது வெறும் ஏட்டுப் படிப்பு அன்று. மிகக் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்த கம்பெனி அக்குறைவை எங்கிருந்து ஈடு செய்கிறது என்று உங்களைவிட நன்கு அறிந்தோர் இல்லை. நல்ல இயந்திரத்தாலும் நல்ல திட்டத்தாலும் ஈடு செய்தால் அது திறன். உள்ஒப்பந்தக்காரரின் கையில் கூலியைக் குறைத்து ஈடு செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டு. ஒரு கம்பெனியின் கீழ் வேலைக்குச் செல்லுமுன் அதன் பெயர் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். சென்ற வேலையைச் சொன்ன தேதியில் முடித்ததா, கூலியைச் சொன்ன தேதியில் கொடுத்ததா, சென்றவர் யாவரும் உடல் ஊனமின்றித் திரும்பினரா என்றும் கேளுங்கள். அங்கே முன்பு வேலை செய்து திரும்பிய நான்கு பேரிடம் விசாரித்து எழுதிக்கொண்ட கணக்கும் புள்ளி விவரமே. அரசாங்கங்களும் டெண்டருக்குத் தகுதி வகுக்கும்போது இந்த மூன்று வினாக்களுக்கும் உரிய எடை தருமாயின், போட்டித் திறன் என்னும் சொல் தன் முழுப் பொருளையும் பெறும்.